உபுண்டுவில் ஜாவா போடுவது: கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் போல ஓர் இயங்குதளமான உபுண்டுவில், ஜாவா என்ற ப்ரோக்ராமிங் மொழியைப் போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி: அண்ணா, உபுண்டு 24.04இல் ஜாவா 21 போட்டேன், ஓடுகிறது. ஆனால் 'ஜாவாசி' அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது.

தங்கச்சி, நீங்கள் போட்டது ஜேஆர்இ. எழுதி முடித்த ப்ரோக்ராமை ஓட்ட அது போதும். கம்பைலர், அதாவது நாம் எழுதியதை ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் 'ஜாவாசி', அதில் இல்லை, ஜேடிகேயில்தான் இருக்கிறது. 'சுடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்துவிட்டு, 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்ஜேடிகே-21-ஜேடிகே' அடியுங்கள். பெயரில் ஜேடிகே இரண்டு தடவை வரும், கடைசியில் ஜேஆர்இ என்று அடித்துவிடாதீர்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. பயப்படாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

காத்தான்குடி: அண்ணன், 17, 21 இரண்டும் போட்டிருக்கிறேன். கம்பைல் ஆகிறது, ஓட்டினால் 65, 61 என்று ஏதோ பிழை வருகிறது.

65 என்பது ஜாவா 21இன் கிளாஸ் ஃபைல் (கம்பைல் செய்ததும் வரும் கோப்பு) எண், 61 என்பது 17இன் எண். 21இல் கம்பைல் செய்ததை 17இல் ஓட்டப் பார்க்கிறீர்கள். 'சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கொன்ஃபிக் ஜாவா' என்று கொடுத்து 21ஐத் தெரிவு செய்யுங்கள். ஜாவாசிக்கு இதையே தனியாகச் செய்ய வேண்டும், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. 17 (2021), 21 (2023) இரண்டுமே நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்தான். புதிதாகப் படிப்பவருக்கு 21 நல்லது, விரிவுரையாளர் 17 கேட்டால் அதையே வைத்திருங்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம், ஆசிரியை: தம்பி, கணினி அறையில் பத்துக் கணினி, எல்லாவற்றிலும் உபுண்டு. இணையம் என்றால் என் போன் டேட்டா மட்டும்தான். பத்துக்கும் தனித்தனியாக இறக்க வேண்டுமா?

வேண்டாம் டீச்சர், ஒரு தடவை போதும். ஜாவா இன்னும் போடாத ஒரு கணினியைப் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, அப்டேட் கொடுத்த பிறகு, 'சுடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி' என்பதோடு பொதியின் பெயரை (மேலே சொன்ன ஓப்பன்ஜேடிகே-21-ஜேடிகே) சேர்த்து அடியுங்கள். ஆப்ட்-கெட் என்றே அடியுங்கள். வெறும் ஆப்ட், நிறுவி முடிந்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும். எல்லாம் '/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அங்குள்ள டெப் கோப்புகள் அத்தனையையும் பென் ட்ரைவில் கொப்பி செய்து, பத்துக் கணினிகளிலும் பென் ட்ரைவில் அந்தக் கோப்புகள் உள்ள ஃபோல்டருக்குள் டெர்மினலைத் திறந்து 'சுடோ டிபிகேஜி -ஐ', பிறகு நட்சத்திரக் குறி, புள்ளி, டெப் என்று அடித்தால் நிறுவப்பட்டுவிடும்.

பத்திலும் ஒரே உபுண்டுப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் ஒரு முறை 22.04இல் இறக்கியதை 24.04 இருந்த அறைக்குக் கொண்டுபோய், அன்று முழுக்க வேலை நடக்காமல் வாவி தாண்டித் திரும்பினேன். பிள்ளைகள் காத்திருந்தது இன்னும் மனதில் நிற்கிறது. இன்னொன்று: ஜன்னல், பட்டன் எல்லாம் வரும் ப்ரோக்ராம் இப்போதைக்கு எழுதப்போவதில்லை என்றால், ஜேடிகே-ஹெட்லெஸ் என்று முடியும் பொதியை எடுங்கள். கம்பைலர் அதிலும் உண்டு, டேட்டா மிச்சமாகும்.

அக்கரைப்பற்று: இன்ஸ்டால் கொடுத்தால் 'லொக் கிடைக்கவில்லை' என்று நிற்கிறது. அந்த லொக் கோப்பை அழிக்கலாமா?

அழிக்க வேண்டாம். இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுப்பதுதான் அந்த லொக். பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து மறுபடி கொடுங்கள்.