பதில்: 40 பேரில் 31 பேர் அதே ஆளைக் காட்டியது நினைவாற்றலா?

திருட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்த 40 பேரிடம் 6 படங்களைக் காட்டித் திருடனை அடையாளம் காட்டச் சொன்னீர்கள்; 31 பேர் 3-ஆம் எண்ணான திருடனையே காட்டியதால், இது நினைவாற்றல்தானா என்று கேட்கிறீர்கள். 31-ஐப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். காணொளித் திருடனுக்குத் தாடி. உங்கள் 6 படங்களில் தாடி வைத்தவர் 3-ஆம் எண் மட்டும்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகத்தை அடியோடு மறந்தவர்கூட அவரைத்தான் காட்டுவார்.

முதலில் அந்த 6 படங்களின் வரிசையைச் சோதியுங்கள். காணொளி பார்க்காத 30 பேருக்கு, காணொளி பார்த்த சாட்சிகள் சொன்ன வர்ணனையை மட்டும் ("ஒல்லி இளைஞன், தாடி") கொடுத்து, ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நியாயமான வரிசையில் 3-ஆம் எண்ணை ஏறக்குறைய 5 பேர் காட்டுவார்கள். 15 பேர் காட்டினால் 30-ஐ 15-ஆல் வகுங்கள்: விடை 2. அதாவது உங்கள் வரிசை 2 படம் மட்டுமே உள்ள வரிசைக்குச் சமம்; 6 படம் என்பது பெயரளவில்தான். பார்க்காதவர்களிடம் வர்ணனையைக் கொடுத்து வரிசையைச் சோதிப்பது, டூப், கிர்ஷன்பாம் என்ற ஆய்வாளர்கள் 1973-லேயே காட்டிய வழி.

மாற்று ஆட்கள், அதாவது திருடனோடு சேர்த்து வைக்கும் மற்ற ஐவர், அந்த வர்ணனைக்குப் பொருந்தினால் போதும். அச்சு அசலாக ஆறு பேரை அடுக்கினால் நன்றாக நினைவிருப்பவரும் திணறுவார்.

இதைவிடப் பெரிய ஓட்டை, திருடனே இல்லாத வரிசையை நீங்கள் யாருக்கும் காட்டவில்லை. பாதிப் பேருக்கு அதைக் காட்டாமல் தவறான அடையாளத்தை அளக்கவே முடியாது. "அவர் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று எல்லாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படம் காட்டுபவருக்கு விடை தெரியக் கூடாது. தேர்ந்தெடுத்த கையோடு, யாரும் வாய் திறப்பதற்குள், உறுதியை 0 முதல் 100-க்குள் குறியுங்கள். வெல்ஸ், பிராட்ஃபீல்ட் என்ற உளவியலாளர்களின் 1998 ஆய்வில் தவறான ஆளைக் காட்டியவர்களிடம் "சரியாகச் சொன்னீர்கள்" என்ற தொனியில் ஒரு வரி சொன்னதும், அவர்களின் உறுதி ஏறியது. முகம் தெளிவாகத் தெரிந்ததாகவும் சொல்லத் தொடங்கினார்கள்.