வாங்கும் முன்: கரவன் கட்டுவோர் கேள்வி–பதில்

பழைய பஸ்ஸையும் வானையும் கரவனாக, அதாவது உள்ளே தங்கி வாழும் வண்டியாக, மாற்றுகிற திருகோணமலைக் குடும்பங்களின் கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இவர்களில் பலர் வேலை முடியும்வரை தகரக் கொட்டிலிலோ ஒற்றை அறையிலோ நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு பொருள் பிழைத்தால் இவர்களுக்குக் காசோடு சேர்ந்து கொட்டில் வாழ்க்கையும் இன்னும் சில மாதம் நீளும்.

நிலாவெளியில் மூடிப்போன விடுதியொன்றில் நின்ற இழுவைக் கரவனை அதன் சொந்தக்காரரிடம் வாங்கினோம். கதவடியில் தளம் மிதித்தால் அமுங்குகிறது. "மேலே ஒரு பிளைவூட் அடித்தால் சரி" என்கிறார் விற்றவர். மூன்று பிள்ளைகளோடு பக்கத்துக் கொட்டிலில் இருக்கிறோம். கெதியாக உள்ளே போக வேண்டும். — உப்புவெளி வாசகி

மேலே பலகை அடிக்காதீர்கள், தங்கச்சி. உக்கல் தெரிவது கதவடியில் என்றாலும் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் மேலேதான். கூரையும் சுவரும் சேரும் மூலை, யன்னல் விளிம்பு, கூரையில் திருகு போட்ட இடங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே இறங்கும் நீர் வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவேயுள்ள மரச்சட்டத்தின் வழியே வழிந்து அடியில் தேங்குகிறது. புதிய பலகை அந்த ஈரத்தை உள்ளே மூடி வைக்கும். அடுத்த மாரிக்குள் சட்டமும் உக்கிப்போகும்.

ஓடாவி யாரிடமாவது மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் இரவல் கேளுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்த இடம் நல்லது. 20ஐத் தாண்டினால் உட்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 30ஐத் தாண்டினால் சட்டம் பழுதாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மானி கிடைக்காவிட்டால் கூரான குத்தூசியால் ஒவ்வொரு சாணுக்கும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், உக்கிய மரம் தடுக்காது. உக்கிய பகுதியோடு அதற்கப்பால் நல்ல மரத்திலும் ஒரு சாண் வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் பொருத்துங்கள்.

வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு கூரை, யன்னல், சுவர், கடைசியாகத் தளம். மூட்டுப் பட்டிகளைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி, பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மறுபடி பூட்டுங்கள். வினாகிரி மணக்கும் மலிவுச் சிலிக்கனைத் தொடவேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கன் அல்லது பொலியூரித்தேன் பசை என்று கேட்டு வாங்குங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைக் கீழ் மூட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மூட்டுக்கும் ஐந்து நிமிடமாக மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். உச்சியிலிருந்து ஊற்றினால் எந்த மூட்டு ஒழுகியது என்று கண்டுபிடிக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலேயே மரத்தைக் காயவிட்டு மூடிவிடுங்கள். ஒக்டோபர் பிறந்த பிறகு வாடை மழையில் எதுவும் காயாது.

விற்றவர் இதைத் தொழிலாகச் செய்யும் வியாபாரி அல்ல. அதனால் நுகர்வோர் அதிகார சபையைவிட உங்கள் பகுதி மத்தியஸ்த சபையே பொருத்தம். அது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. உக்கிய சட்டத்தைக் கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். உங்களிடம் மறைத்து விற்றிருக்கிறார்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ரோசா பஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. லீசிங் இன்னும் முடியவில்லையாம். ஓப்பன் பேப்பர் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம்) தருகிறார்கள். வாங்கலாமா? — பாலையூற்று

வேண்டாம். சி.ஆர். புத்தகத்தில் (வண்டிப் பதிவுச் சான்றில்) முழு உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனி. விற்பவர் தவணை கட்டாமல் விட்டால் நீங்கள் கட்டிய கட்டில், அலுமாரியோடு சேர்த்தே வண்டியை இழுத்துப் போவார்கள்.

12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரி இணையத்தில் மிக மலிவாகக் கிடைத்தது. பிரிட்ஜைப் போட்டால் விடியும் முன்பே நின்றுவிடுகிறது. பிரிட்ஜ்தான் பழுது என்கிறார் விற்றவர். — கிண்ணியா வாசகர்

அந்தப் பற்றரியைத் தராசில் வையுங்கள். கரவனுக்குப் போடும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் நான்கு கலங்கள் இருக்கும். 100 அம்பியர்-மணிக் கலம் ஒன்று மட்டும் ஏறக்குறைய 2 கிலோ. பெட்டி, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சேர்ந்தால் 8 கிலோவுக்குக் குறைய வழியில்லை. உங்களுடையது 5, 6 கிலோ நிறுத்தால் உள்ளே பாதிதான் இருக்கிறது, மேலே எத்தனை அம்பியர் என்று ஒட்டியிருந்தாலும்.

அடுத்ததாக, அதை முழுக்கச் சார்ஜ் செய்து 55 வாற்று வாகன ஹெட்லைற் பல்பு ஒன்றைக் கொழுவி நேரத்தைக் குறியுங்கள். அது நாலரை அம்பியர் அளவில் இழுக்கும். உண்மையான 100 என்றால் 20 மணித்தியாலத்துக்கு மேல் எரிய வேண்டும். 9 மணித்தியாலத்தில் அணைந்தால் நீங்கள் வாங்கியது 40. தராசையும் கடிகாரத்தையும் காட்டி வீடியோ எடுங்கள். பற்றுச்சீட்டோடும் விளம்பரத்தின் படத்தோடும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்களின் தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். தள்ளிப்போடாமல் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் சந்தையில் பெட்டியில் எழுதிய எண்ணே பொருள் என்று ஆகிவிட்டது. கரவன் கட்டுகிறவர் வாங்கும் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. 12 மில்லிமீற்றர் என்று விற்கும் பிளைவூட்டை வேணியரில் (தடிப்பு அளக்கும் கருவியில்) பிடித்தால் 10 காட்டும். 7/0.67 என்ற வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் இருக்க வேண்டும். உள்ளே ஏழு இழையும் இருக்கிறதா, இழை 0.67 இருக்கிறதா என்று யாரும் எண்ணுவதில்லை. சில வயர்களில் செம்பு வெறும் பூச்சு. கத்தியால் சுரண்டினால் வெள்ளை அலுமினியம் தெரியும். சோலார் கட்டுப்பாட்டுக் கருவியில் எம்.பி.பி.டி. (பனலின் கூடிய வோல்ற்றைப் பற்றரிக்கு ஏற்ற கூடுதல் அம்பியராக மாற்றும் வகை) என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வேலையைச் செய்யச் செம்புக்கம்பி சுற்றிய தடித்த சுருள் ஒன்று உள்ளே வேண்டும். நான் வாங்கிய மலிவான ஒன்றில் சுருளே இல்லை. வீட்டுக் கூரைக்குப் போடும் 250 வாற்றுப் பனல் ஒன்றை அப்படிப்பட்ட கருவியால் 12 வோல்ற்றுப் பற்றரிக்குக் கொடுத்தால் பாதிகூடக் கிடைக்காது. பனல் தருவது 30 வோல்ற்று, 8 அம்பியர். சுருள் இல்லாத கருவி அந்த 8 அம்பியரை 13 வோல்ற்றில் கொடுக்கும், அதாவது 105 வாற்றுக்குக் கிட்ட. மீதி வீண். வாங்கியவர் பனல் சரியில்லை என்று பனல்காரரைத் திட்டுவார்.

சின்னத் தராசும் வேணியரும் வாங்கக் கொடுக்கும் காசு, பிழையான ஒரு பற்றரியின் விலையில் சிறு துண்டுகூட இல்லை. கடையிலேயே நிறுங்கள், கடையிலேயே அளந்து பாருங்கள். அளக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

பெருநாள் மலிவு விற்பனையில் பிரிட்ஜ், அடுப்பு, ஏசி மூன்றையும் முன்கூட்டியே வாங்கி, ஐந்து பேர் படுக்கும் அறையில் அடுக்கி வைத்தோம். எட்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் பிரிட்ஜ் குளிரவில்லை. உத்தரவாதம் ஆறு மாதந்தானாம். — உவர்மலை

உத்தரவாதம் பில் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. வாங்கிய அன்றே ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் கடை மாற்றித் தந்திருக்கும். படுக்க இடமில்லாத அறையில் எட்டு மாதம் பெட்டி அடுக்கி, கழிவு விலையில் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக இழந்திருக்கிறீர்கள். இது கடையின் ஏமாற்று அல்ல.

மற்றவர்களாவது கேளுங்கள். இடுங்கிய இடத்தில் இருந்துகொண்டு கட்டுகிறவர்கள், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்கான பொருளை மட்டும் வாங்குங்கள். முதலில் தகடும் பசையும், பிறகு வயரும் வெப்பத்தடுப்பும், பிறகு பலகை. மின்சாதனம் எல்லாவற்றுக்கும் கடைசி. பசைக் குழாய்களையும் மொத்தமாக வாங்கிக் கொட்டிலில் போடவேண்டாம். பொலியூரித்தேன் பசைக்குக் காலாவதித் திகதி உண்டு, தகரக் கூரையின் சூட்டில் அந்தத் திகதிக்கு முன்பே குழாய்க்குள் இறுகிவிடும்.

கூரைக்கு ரெஜிபோம் ஒட்டினேன். பசை போட்ட இடமெல்லாம் கரைந்து ஓட்டையாகிவிட்டது. போலி ரெஜிபோமா? — மூதூர்

ரெஜிபோம் நல்லதுதான், பசைதான் பொருந்தாதது. தகரத்தில் வரும் மஞ்சள் கொண்டாக்ற் பசையிலுள்ள கரைப்பான் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். பொலியூரித்தேன் போம் பசை அல்லது நீர்க்கலவைப் பசை வாங்குங்கள். ஒரு துண்டில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு மிச்சத்தை ஒட்டுங்கள்.

வெல்டிங் பட்டறை ஒன்றுக்கு மூன்று லட்சம் ரூபா முற்பணம் கொடுத்து நான்கு மாதம். வண்டி வெட்டிப் பிரித்தபடி நிற்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. மாமியார் வீட்டு விறாந்தையில் இருக்கிறோம். — சாம்பல்தீவு

உங்கள் நிலைமை வாசிக்கவே வேதனையாக இருக்கிறது. எழுத்து இல்லை என்பதால் எல்லாம் போய்விடவில்லை. வங்கியில் பணம் மாற்றிய பதிவு, வட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாமே சான்று. எதையும் அழிக்காதீர்கள். இன்றே வண்டியை நாலு பக்கமும் உள்ளும் படம் எடுங்கள். என்ன வேலை பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த நாளுக்கு முடிக்கச் சொன்னார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, 14 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு முடிந்ததும் அந்தப் பிரதியோடு மத்தியஸ்த சபைக்கும் அதிகார சபைக்கும் போங்கள். பட்டறைக்காரர் தொழில் செய்பவர், ஆகவே இரண்டு இடத்திலும் கேட்கலாம்.

மீதி வேலையை இன்னொருவரிடம் கொடுக்கும்போது காசைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். இரும்பு வந்து இறங்கியதும் அதற்கான காசு, சட்டம் முடிந்ததும் ஒரு பங்கு, தகடு அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கைச் சிறிதாக்க விடாதீர்கள்.

கரவன் கழிவறையின் குழாயை மண்ணில் குழி தோண்டி விட்டால் போதுமா? கிணறு 20 அடி தள்ளி இருக்கிறது. — நிலாவெளி

கூடாது. கடற்கரை மணல் கழிவை வடிகட்டாது, மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து கழிவு நேராகக் கிணற்றுக்குப் போகும்.

காஸ் சிலிண்டரைக் கட்டிலடியில் வைத்தால் இடம் மிச்சம் என்கிறார் ஓடாவி. இப்போதைக்குக் கொட்டிலிலும் படுக்கிற இடத்தில்தான் அடுப்பு. — திருக்கடலூர்

இரண்டையும் மாற்றுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. ஒழுகினால் தளத்தில்தான் தேங்கும், அதுவும் நீங்கள் படுக்கும் உயரத்தில். 2021 இறுதியில் நாடெங்கும் வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளை மறந்துவிடக்கூடாது. கரவனில் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி கட்டுங்கள். அதன் கதவு வெளியே திறக்க வேண்டும், உட்பக்கம் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும், அடித்தட்டில் வெளியே திறந்த துவாரம் இருக்க வேண்டும். அந்தத் துவாரத்துக்கு நேர் கீழே எக்ஸோஸ்ற் குழாய் வரக்கூடாது. காஸ் குழாயை அதில் அச்சடித்த திகதியைப் பார்த்து வாங்குங்கள். பூட்டியபின் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

கொட்டிலில் அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே கிடுகுச் சாய்ப்புக்குக் கொண்டுபோங்கள். தின்னர், பசை, பெயின்ற் எதுவும் அதன் கிட்டே வேண்டாம், பிள்ளைகள் படுக்கும் இடத்திலும் வேண்டாம். சிலிண்டரை வாங்கும்போது நிறுக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பாரம் அதன் கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும், அதைக் கழித்தால் 12.5 கிலோ வர வேண்டும்.

வீட்டுக்குப் போட்டு மிஞ்சிய 2.5 வயரையே கரவனுக்கும் இழுத்தோம். பிரிட்ஜ் இடையிடையே நிற்கிறது, பற்றரி நிறைந்தே இருக்கிறது. — சீனக்குடா

12 வோல்ற்றில் அந்த வயர் போதாது. பற்றரிக்கும் பிரிட்ஜுக்கும் 5 மீற்றர் தூரம் என்றால் போய்வர 10 மீற்றர். 10 அம்பியர் ஓடும்போது 2.5 வயரில் 0.7 வோல்ற்று இறங்கிவிடும். பிரிட்ஜ், பற்றரி வெறுமை என்று நினைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.3க்குள் நிற்கும். வீட்டு வயரின் தடித்த இழைகள் வண்டி அதிர அதிர இணைப்புகளில் முறியும் என்பதால், மெல்லிய இழைகள் நிறைந்த வாகன வயரே வேண்டும். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வையுங்கள். தகட்டின் துவாரங்களில் வயர் உரசாமல் ரப்பர் வளையம் போட்டுவிட்டு, உட்பலகையை அதன் பிறகு மூடுங்கள்.