அம்மாவும் மகளும் சிங்கப்பூரும்: வாசகிகள் கேள்விகள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். நான்கு வருடமாகக் கட்டிய சீட்டு இந்த மாதம் முடிந்து, கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. நாங்கள் இருவர் மட்டும் ஏதாவது ஒரு வெளிநாட்டு நகரத்தைப் பார்த்துவிட்டு வர ஆசை. அவள் சியோல் என்கிறாள். கணவரால் கடையை விட்டு வர முடியாது. "பொம்பளைங்க ரெண்டு பேர் தனியாவா?" என்கிறார் மாமியார். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. எந்த ஊர், எத்தனை நாள்?
*ஒரு வாசகி, கரூர்*

பதில்: மாமியாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு டிக்கெட் அலுவலகத்தில் 22 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். தாயும் மகளுமாகப் போய்வந்த எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பி வந்து என்னிடம் புலம்பியவர்கள் போன ஊரைக் குறை சொன்னதே இல்லை, ஒருவரை ஒருவர்தான் சொன்னார்கள். "காலைல எழுந்திருக்கவே மாட்டேங்கிறா" என்று அம்மா. "ஒரு கடையில அஞ்சு நிமிஷம் நிக்க விடல" என்று மகள். ஆகவே பயப்பட வேண்டியது ஊருக்கு அல்ல.

சியோல் நல்ல ஊர்தான், அது அடுத்த சீட்டுக்கு இருக்கட்டும். முதல் பயணத்துக்குச் சிங்கப்பூர் போங்கள், ஐந்து நாள். 'அதுதான் எல்லாரும் போகிற ஊராயிற்றே' என்று மகள் முகத்தைச் சுளிப்பாள். என் காரணம் வேறு. பதினைந்து வயதுப் பெண்ணை முன்னால் நடக்கவிட்டு, அம்மா நாலடி பின்னால் நிம்மதியாக நடக்கக்கூடிய ஊர் அது. பேருந்து எண், ரயில் வரைபடம், சாலைப் பெயர் எல்லாம் தெளிவாக இருக்கும். தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. பல ரயில் நிலையங்களில் பெயர்ப்பலகையைத் தமிழிலேயே படிக்கலாம். உங்களுக்கு இன்னொரு வசதி, திருச்சியிலிருந்தே நேரடி விமானம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பாஸ்போர்ட்டிலும் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகும், பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். விசாவை அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக வாங்குங்கள். அங்கே போய் இறங்குகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். 'என் மனைவியும் மகளும் போவதில் எனக்குச் சம்மதம்' என்று கணவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கேட்காமலே போகலாம், ஆனால் கேட்கும்போது பையில் இருக்க வேண்டும்.

அறை விஷயத்தில் நான் பட்டதைக் கேளுங்கள். 2023-இல் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, விலை மலிவு என்று ஒரு விடுதியில் பதிவு செய்தேன். இராத்திரி விமானம், விடிகாலையில் இறங்கி, அறைக்குள் நுழைந்ததும் அவள் ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்தாள். பின்னால் வெறும் சுவர். சுவருக்கு ஒரு திரைச்சீலை! அங்கே மலிவு விடுதிகளில் ஜன்னல் இல்லாத அறை சகஜம், பதிவு செய்யும்போதே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 22 வருடம் ஊருக்கெல்லாம் புக்கிங் போட்டவளுக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணில் படவில்லை. நீங்கள் 'ஜன்னல் உண்டா, இரண்டு கட்டிலா' என்று இரண்டையும் பார்த்துப் பதியுங்கள். இரண்டாவது ரொம்ப முக்கியம். ஒரே கட்டிலில் ஐந்து இரவு படுத்தால் எந்தத் தாயும் மகளும் ஆறாம் நாள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இடம், லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கம். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் விமானத்துக்கும் அறைக்குமே போய்விடும், அதில் கஞ்சம் பார்க்காதீர்கள். சாப்பாட்டிலும் ரயிலிலும் மிச்சம் பிடிக்கலாம்.

அப்புறம் கடிகாரம். சண்டை முழுக்க அதில்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை பத்து மணி என்றால் நம்மூரில் ஏழரை. பிள்ளை பத்து மணிவரை தூங்கினால் அவள் சோம்பேறி இல்லை, அவள் உடம்பு இன்னும் கரூரில் இருக்கிறது. அங்கே பொழுது விடிவதே ஏழு மணி வாக்கில்தான், மாலை ஏழு வரை வெளிச்சம் இருக்கும். நான் செய்தது இது: காலை என்னுடையது, மாலை அவளுடையது. அவளை எழுப்பாமல் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைப் பார்த்துவிட்டு, தேக்கா சந்தையில் ஒரு சுற்று சுற்றி, கையில் பிராட்டா (நம்மூர்ப் பரோட்டாதான்) பொட்டலத்தோடு அறைக்குத் திரும்பும்போது அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள். இராத்திரி அவள் இழுத்த இழுப்புக்கு நான். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) செயற்கையாகச் செய்து வைத்த ராட்சத மரங்களுக்கு அடியில் 7:45-க்கும் 8:45-க்கும் விளக்கும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். கட்டணம் கிடையாது. தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். 'அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க' என்று முதலில் கூச்சப்பட்டவள் நான் இல்லை, என் மகள்.

ஐந்தில் ஒரு நாளை முழுசாக அவளிடம் கொடுத்துவிடுங்கள். அன்றைய செலவுக்கு இவ்வளவு வெள்ளி என்று (அங்கே தமிழர் வாயில் டாலர் என்பதே வராது, வெள்ளிதான்) அவள் கையில் கொடுங்கள். எங்கே, எந்த ரயில், எங்கே சாப்பாடு எல்லாம் அவள் பாடு. நீங்கள் 'அங்கே ஏன்' என்று கேட்கக் கூடாது. என் மகள் என்னை ஹாஜி லேன் என்ற ஒரு சந்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் சுவர்ச் சித்திரம், கைப்பிடி அகலக் கடைகள். காதணி பார்த்தாள், தொப்பி பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை. பிறகு ஆர்ச்சர்டு சாலையில் கினோகுனியா புத்தகக் கடையில் இரண்டரை மணி நேரம். எனக்குக் கால் கடுத்தது, வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் கணக்குப் பார்த்தால், கொடுத்த பணத்தில் பதினொரு வெள்ளி மிச்சம். யூனிவர்சல் ஸ்டூடியோ என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டால் அதையும் அந்த நாளிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு எண்பது வெள்ளிக்கு மேல் ஆகும். அவள் கேட்காவிட்டால் நீங்களாக ஞாபகப்படுத்த வேண்டாம்!

கேள்வி: இரண்டு பேருக்கும் தனித்தனி சிம் தேவையா? மகள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டால் போதாதா? அங்கே ரயிலுக்கு எப்படிச் சீட்டு எடுப்பது?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

பதில்: நானும் அப்படித்தான் நினைத்து நூறு இருநூறு மிச்சம் பிடித்தேன். மூன்றாம் நாள் டோபி காட் நிலையத்தில் (அந்தக் காலத்தில் வண்ணார்கள் துணி வெளுத்த இடம், பெயரே சொல்லும்) நல்ல கூட்டம். என் மகள் ரயிலில் ஏறிவிட்டாள், நான் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. என் போனில் இணையம் இல்லை, அது அவளோடு போய்விட்டது.

நல்ல வேளை, முதல் நாளே ஒன்று பேசி வைத்திருந்தோம்: பிரிந்துவிட்டால் ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும், வெளியே இருப்பவர் அடுத்த ரயிலைப் பிடித்து வர வேண்டும். அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. ரயில் வர மூன்று நாலு நிமிடம் ஆகியிருக்கும். நான் கும்பிடாத சாமி இல்லை. இறங்கிப் பார்த்தால் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஜூஸ் பாட்டிலைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். ரயிலிலும் நிலையத்திலும் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். "பயந்துட்டியாம்மா?" என்றாள். நான் பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

ஆகவே இரண்டு சிம். சாங்கி விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். நான் மேலே சொன்ன 'அடுத்த நிலையம்' விதியையும் போவதற்கு முன்பே பேசி வையுங்கள்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. தொட்டுப் பணம் கட்டும் வங்கி அட்டையை வாசலில் வைத்தால் திறக்கும், இறங்கும்போதும் வைக்க வேண்டும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். வெளிநாட்டு அட்டைக்குச் சின்னக் கட்டணம் ஒன்றும் பிடிப்பார்கள். அதனால் மகளுக்கு நிலையத்திலேயே ஈஸிலிங்க் அட்டை (முன்கூட்டிப் பணம் ஏற்றிவைக்கும் பயண அட்டை) வாங்கிக் கொடுப்பது நல்லது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களேதான் திறந்துவிட வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடுங்கள், அங்கே போய் வாசலை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. புளிசாதம் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?
*ஒரு வாசகி, கும்பகோணம்*

பதில்: விமானத்துக்கு வேண்டுமானால் கட்டுங்கள். சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது, சுற்றிலும் சைவ உணவகங்கள் நிறைய. ஆனால் ஐந்து நாளும் இட்லியே தின்றால் உங்கள் மகள் உங்களை மன்னிக்க மாட்டாள். உணவங்காடிகளில் சீனர்களின் சைவக் கடை ஒன்றாவது அநேகமாக இருக்கும், பௌத்தர்கள் நடத்துவது. கோழி மாதிரி, மீன் மாதிரி தட்டில் இருப்பதெல்லாம் சோயா, காளான் போன்றவைதான். என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வாயில் வையுங்கள். பிராட்டா கடையில் 'கோசோங்' என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பிராட்டா. தொட்டுக்கொள்ளும் குழம்பு பெரும்பாலும் மீனோ ஆட்டுக்கறியோ போட்டதாக இருக்கும், 'பருப்பு மட்டும்' என்று தமிழிலேயே சொல்லலாம். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், அங்கே அது சட்டம். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்மூர்ப் பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி.

கேள்வி: பெட்டியில் எதையெல்லாம் வைக்கக் கூடாது?
*ஒரு வாசகி, பொள்ளாச்சி*

பதில்: முதலில் கசகசா. சிரிக்காதீர்கள், அது அங்கே தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடி அரைத்துக் கொண்டுபோனால் அதில் கசகசா சேர்க்காமல் அரையுங்கள். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின் சிகரெட் மூன்றும் கூடாது. யாராவது சொந்தக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிப் பொட்டலம் தந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டியிருக்கும், மருத்துவர் சீட்டோடு விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறக்காமல் வைக்க வேண்டியவை: சதுர மூன்று முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர், இரண்டு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். சானிட்டரி பேடு அங்கேயும் எங்கேயும் கிடைக்கும் என்றாலும், பழகியதை எடுத்துக்கொள்வதே நிம்மதி.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 16 வயது. அம்மா என்னைச் சிங்கப்பூர் கூட்டிப்போகிறார். ஆனால் அங்கே இருக்கிற சித்தி, மாமா, அவர் மச்சினர் எல்லார் வீட்டுக்கும் போக லிஸ்ட் போட்டிருக்கிறார். நான் எதையாவது பார்ப்பேனா?
*சேலத்திலிருந்து ஒரு மாணவி*

பதில்: பார்ப்பாய் கண்ணு. சித்தி வீட்டுக்கு ஒரு சாயங்காலம், மற்றவர்களை அங்கேயே வரச் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் நீயே கேட்டுப் பார். கிளம்புகிற அன்றைக்குச் சாங்கி விமான நிலையத்தில் ஜுவல் கட்டடத்தில், உள்ளேயே கொட்டுகிற 40 மீட்டர் அருவிக்குப் பக்கத்தில், விட்டுப்போன மாமாவையும் பார்த்துவிடலாம். அவர் வழியனுப்ப வந்த மாதிரியும் ஆயிற்று.

இதைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேள்: "உனக்கு என்னம்மா பார்க்கணும்?" என்று. என் மகள் என்னிடம் நாலாம் நாள்தான் கேட்டாள். மாடிப் பேருந்தில் மேலே, முன் சீட்டில் உட்கார வேண்டும் என்றேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. எண்ணைக்கூடப் பார்க்காமல் வந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனோம். மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டே வந்தன, ஒவ்வொன்றுக்கும் நான் தலையைக் குனிந்தேன், அவள் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். இறங்கிய இடத்தில் ஒரு கடையில் கோப்பி குடித்தோம். பால்காரி கறந்த பால் இல்லை, டின் பால், ஆனாலும் ருசி.

முன் சீட்டு இரண்டும் காலியாக வேண்டுமென்றால் வேலை நாளில் பத்தரைக்கு மேல் ஏறு. அதற்குள் அலுவலகக் கூட்டம் இறங்கியிருக்கும்.