நேருக்கு நேர் வருகிறவனுக்கு நெஞ்சைக் காட்டாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஆன்லைன் விமானச் சண்டையில் எதிரி மூக்குக்கு மூக்கு வந்தால் என்ன செய்வது? ஜாய்ஸ்டிக் வாங்குவது, பழைய கம்ப்யூட்டரைத் தேற்றுவது போன்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

*கேள்வி: அண்ணா, நான் வார் தண்டர் கேமில் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்விமானம்) ஓட்டுகிறேன். சுற்றிச் சுற்றித் திரும்பும் சண்டையில் யாரும் என்னிடம் நிற்க முடியாது. ஆனால் எவனும் என்னோடு திரும்புவதே இல்லை, நேராக என் முகத்துக்கே வருகிறான். நானும் விடாமல் சுடுகிறேன். பெரும்பாலும் நான்தான் எரிந்து விழுகிறேன். என் குறி மோசமா, விமானம் மோசமா?*
*— கல்லூரி மாணவர், ஈரோடு*

பதில்: குறியும் மோசமில்லை, விமானமும் மோசமில்லை தம்பி. அவன் கூப்பிட்ட இடத்துக்கு நீங்கள் போனதுதான் தப்பு.

உங்களோடு திரும்பினால் தோற்போம் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் நேராக வருகிறான். நேருக்கு நேர் பாய்ச்சலில் ஸ்பிட்ஃபயரின் திருப்பத்துக்குக் காலணா மதிப்பில்லை. எவனிடம் துப்பாக்கி அதிகம், எவன் எஞ்சின் அடி தாங்கும் என்பது மட்டும்தான் அங்கே பேச்சு. எதிரே வருவது அமெரிக்க பி-47 தண்டர்போல்ட் என்று வையுங்கள். இறக்கைகளில் 12.7 மி.மீ. துப்பாக்கிகள் எட்டு. எல்லாம் சேர்ந்து விநாடிக்குச் சுமார் நூறு குண்டு கக்கும். முன்னால் காற்றில் குளிரும் 18 சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டர் உடைந்தாலும் மிச்சத்தை வைத்து ஓடும். உங்கள் மெர்லின் எஞ்சின் அப்படியில்லை. அதைக் குளிர்விக்கும் திரவம் ஓடுகிற பாதையில் ஒரே ஓட்டை விழுந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் சூடேறி இறுகிவிடும். நீங்கள் அவனைப் பத்து இடத்தில் அடித்து, அவன் உங்களை ஓரிடத்தில் அடித்தாலும் கணக்கு அவன் பக்கம்தான்.

நானும் முட்டிப் பார்த்தவன்தான். மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. 2003-ல் கடைக் கணக்குக்கு என்று சொல்லி வாங்கிய கம்ப்யூட்டரில், 15 அங்குல டப்பா மானிட்டரில் ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ என்ற விமானச் சண்டை கேம் ஆடத் தொடங்கினேன். ஆறு மாதம் எதிரே வந்த எல்லோரோடும் முட்டினேன். கடை டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணியும் வைத்தேன்: நான் வென்றது, அவன் வென்றது, இரண்டு பேருமே செத்தது. மூன்று வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வளர்ந்தன. காசு சுண்டினாலே இதைவிட நன்றாக இருந்திருக்கும், அதிலாவது இரண்டு பக்கம்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இரண்டு பேரும் மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் நெருங்கும் வேகம் 1,000 கி.மீ. அதாவது விநாடிக்கு 278 மீட்டர். ஒரு கிலோமீட்டர் இடைவெளி மூன்றரை விநாடியில் தீர்ந்துபோகும். மோதாமல் தப்ப நீங்கள் 15 மீட்டராவது விலக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டரில் விலகத் தொடங்கினால் ஒன்றரை ஜி (ஒரு ஜி என்பது பூமி நம்மை இழுக்கும் அளவு) இழுத்தால் போதும், சாதாரணத் திருப்பம். ‘இன்னும் ஒரே ஒரு பர்ஸ்ட்’ (பட்டனை ஒருமுறை அழுத்திச் சுடும் குண்டு மழை) என்று 200 மீட்டர்வரை காத்திருந்தால் ஏறக்குறைய ஆறு ஜி வேண்டும். தூரம் பாதியானால் தேவை நான்கு மடங்கு. அந்த ஒரு பர்ஸ்ட்டுக்காகச் செத்தவர்களை வரிசையில் நிறுத்தினால் என் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை நிற்பார்கள்.

சரி, என்னதான் செய்வது? ஜல்லிக்கட்டில் காளையின் கொம்புக்கு நேரே எவனாவது போய் நிற்கிறானா? பக்கத்தில் ஒதுங்கி, காளை தாண்டும்போது திமிலைப் பிடிக்கிறான். அதுவேதான் இங்கேயும்.

எதிரி இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போதே உங்கள் மூக்கை அவன் மேலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பக்கமாக, கொஞ்சம் கீழாக. பக்கமாகப் போவது பிறகு திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக. கீழே போவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் கீழே இறங்க இறங்க அவன் ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். தள்ளினால் நெகட்டிவ் ஜி, அதாவது விமானியை இருக்கையிலிருந்து மேலே தூக்கும் விசை. திரை சிவக்கும், குறி அலைபாயும். நீங்களோ அவனுடைய மூக்குக்கு அடியில் மறைந்துபோயிருப்பீர்கள். எதிரி ஓட்டுவது ஹரிக்கேனோ ஆரம்பகால ஸ்பிட்ஃபயரோ என்றால் இன்னும் வேடிக்கை. அவற்றின் மிதவைக் கார்புரேட்டரில் நெகட்டிவ் ஜி வந்தால் எஞ்சினே இருமும். நிஜப் போரில் பிரிட்டிஷ் விமானிகளை வாட்டிய கோளாறு அது. 1941-ல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இன்ஜினியர் நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் தகட்டைப் பெட்ரோல் பாதையில் வைத்துப் பெருமளவு அடக்கினார். (மோட்டார் பட்டறைக்காரன் என்பதால் எனக்கு அந்த அம்மாள் மேல் தனி மரியாதை.) ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். அதனிடம் இந்த இருமலை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான கட்டம். அவன் உங்களைத் தாண்டிப் போனபிறகு திரும்பத் தொடங்கினால் இருவரும் சமம்தான். தாண்டுவதற்குச் சற்று முன்பே தொடங்கினால், அவன் தாண்டும்போது நீங்கள் திருப்பத்தில் கால்வாசியை முடித்திருப்பீர்கள். அவனோ அதுவரை துப்பாக்கிக் கண்ணாடியையே முறைத்துக்கொண்டு நேர்கோட்டில் வந்தவன். சுடுவதற்காக மூக்கை உங்கள் மேல் வைத்திருக்கும்வரை அவனால் வேறு எதுவும் செய்ய முடியாது. தன் கையைத் தானே கட்டிக்கொண்டு வருகிறான். அந்த மூன்று விநாடியைத்தான் நீங்கள் திருட வேண்டும்.

ரொம்ப முன்னாலேயே திரும்பினால் விமானத்தின் வயிற்றை அவன் துப்பாக்கிக்கு முன்னால் விரித்துக் காட்டுவீர்கள். எப்போது தொடங்குவது? அவன் எவ்வளவு முயன்றாலும் இனி மூக்கை உங்கள் பக்கம் கொண்டுவர முடியாது என்ற நொடியில். அது புத்தகத்தில் வராது, கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் சுடவே சுடாமல் ஆடிப் பாருங்கள். துப்பாக்கிப் பட்டனில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

*கேள்வி: ஒதுங்கிப் போனால் சாட்டில் ‘கோழை’ என்று எழுதுகிறார்கள். அவமானமாக இருக்கிறது.*
*— வாசகர், நாகர்கோவில்*

பதில்: ராத்திரி ரோட்டில் எதிரே வருகிற லாரி லைட்டை அடித்தால் ஒதுங்குகிறீர்களா, மானப் பிரச்சினை ஆக்குகிறீர்களா? நிஜ விமானிகளுக்கே விதி இருக்கிறது. உலக வான்வழி விதிப்படி எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். அமெரிக்க விமானப்படையின் சண்டைப் பயிற்சியில் ஒவ்வொரு விமானத்தைச் சுற்றியும் 500 அடிக்கு ஒரு குமிழி இருப்பதாக வைத்துக்கொள்வார்கள், அதற்குள் யாரும் நுழையக் கூடாது. போர்விமானம் ஓட்டுகிறவர்களே ஒதுங்குகிறார்கள். ‘கோழை’ என்று எழுதுகிறவன் பெரும்பாலும் பாராசூட்டில் தொங்கிக்கொண்டுதான் எழுதுவான். நீங்கள் பறந்துகொண்டிருப்பீர்கள்.

*கேள்வி: நான் பி-47 தான் ஓட்டுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான் முட்டலாம் போலிருக்கிறதே?*
*— வங்கி ஊழியர், திருச்சி*

பதில்: முட்டலாம் சார், நானும் இப்போது அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் எதிரே வருவது யார் என்று பார்த்துவிட்டு முட்டுங்கள். ஜப்பானிய ஜீரோ வந்தால் தாராளமாக. அதன் ஆரம்ப மாடல்களில் கவசமும் கிடையாது, ஓட்டையைத் தானே அடைக்கும் பெட்ரோல் டேங்கும் கிடையாது. ஜெர்மானிய ஃபோக்கே-வுல்ஃப் 190 என்றால் வேண்டாம். அதற்கும் காற்றில் குளிரும் எஞ்சின், பல மாடல்களில் 20 மி.மீ. பீரங்கி நான்கு. அமெரிக்க பி-38 லைட்னிங்கிடமும் ஜாக்கிரதை. அதன் துப்பாக்கிகள் அத்தனையும் மூக்கிலேயே இருக்கின்றன. உங்களுடையவை இறக்கையில் இருப்பதால் குண்டுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒன்றுசேரும். 300 மீட்டருக்கு வைத்திருந்தால் 700 மீட்டரில் அவை குறுக்கே தாண்டி விரிந்துபோயிருக்கும். பி-38-க்கு அந்தத் தொல்லை இல்லை, எந்தத் தூரத்திலும் ஒரே கற்றை.

சுடுவதென்றால் சீக்கிரம் சுடுங்கள். 800 மீட்டரில் ஒரு பர்ஸ்ட். அவனும் உங்கள் குண்டை நோக்கித்தான் பறந்து வருகிறான், முக்கால் விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். 400 மீட்டரில் விலகிவிடுங்கள், பட்டதா படவில்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். விலகும்போது ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) லேசாக ஒரு பக்கம் அழுத்துங்கள். மூக்கு ஒரு திசையைக் காட்டும், விமானம் வேறு திசையில் வழுக்கும். அவனோ உங்கள் மூக்கைப் பார்த்துத்தான் குறிவைப்பான்.

*கேள்வி: நிஜப் போரில் யாராவது நேருக்கு நேர் தாக்கினார்களா, இல்லை இது கேம் ஆடுகிறவர்களின் பைத்தியக்காரத்தனமா?*
*— பள்ளி ஆசிரியை, மதுரை*

பதில்: தாக்கினார்கள் டீச்சர். காரணத்தோடு தாக்கினார்கள். அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குப் பின்பக்கம், மேலே, கீழே என்று எங்கும் துப்பாக்கி, முன்பக்கம்தான் பலவீனம். 1942 நவம்பர் 23 அன்று பிரான்ஸின் சான்-நசேர் வானத்தில் எகோன் மேயர் தலைமையில் ஜெர்மானியர்கள் அந்த முன்பக்கத்தையே குறிவைத்து வந்தார்கள். சுடக் கிடைத்தது ஓரிரு விநாடி, ஆனால் அடி விழுந்தது விமானிகளின் அறையில். அடுத்த ஆண்டு வந்த பி-17ஜி மாடலில் மோவாய்க்கு அடியில் இரட்டைத் துப்பாக்கியை வைத்தார்கள். அந்த ஒரு பாய்ச்சல் ஒரு விமானத்தின் முகத்தையே மாற்றிவிட்டது.

எனக்கு இன்னும் பிடித்தது ஜான் தாச் கதை. அமெரிக்கக் கடற்படை விமானி. ஜீரோவோடு திரும்பிச் சண்டை போட்டால் தங்கள் வைல்ட்கேட் விமானம் தேறாது என்று தெரிந்ததும், 1941-ல் வீட்டுச் சமையலறை மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி வழி தேடினார். இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும். ஒன்றின் பின்னால் ஜீரோ ஒட்டினால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும், பின்னல் போல. துரத்தி வந்த ஜீரோ திடீரென்று இரண்டாவது வைல்ட்கேட்டின் துப்பாக்கிக்கு நேரே மாட்டிக்கொள்ளும். 1942 ஜூன் 4, பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் அவரே அதைச் செய்து காட்டினார். கவனியுங்கள், அவர் முட்டவில்லை. எதிரியைத் தான் நினைத்த நேரத்தில், தன் ஆறு துப்பாக்கிக்கு முன்னால் முட்ட வைத்தார். நண்பனோடு ஆடுகிறவர்கள் இதை ஒரே சாயங்காலத்தில் பழகிவிடலாம். வீட்டில் தீப்பெட்டி இருந்தால் போதும்.

*கேள்வி: நான் தெளிவாக விலகினேன். அவன் என் மேலே போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் மோதியதாகச் சொல்லி என் விமானம் வெடித்தது. ஏமாற்று வேலையா?*
*— வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: ஏமாற்று இல்லை, பிங், அதாவது இன்டர்நெட்டில் தகவல் வந்துசேரும் தாமதம். உங்கள் திரையில் தெரிவது அவன் இப்போது இருக்கும் இடம் அல்ல. பழைய தகவலை வைத்து ‘இந்நேரம் இங்கே இருப்பான்’ என்று கேம் ஊகித்துக் காட்டும் இடம். தகவல் 150 மில்லி விநாடி தாமதமானால், மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகிறவன் அதற்குள் 20 மீட்டர் நகர்ந்திருப்பான். பி-47-ன் நீளமே 11 மீட்டர்தான். நேராகப் போகும்வரை ஊகம் சரியாக இருக்கும். கடைசி நொடியில் ஒடித்தால் ஊகம் தப்பும். அவன் ஒடித்தது உங்களுக்குத் தெரிய நேரமாகும், நீங்கள் ஒடித்தது அவனுக்கு. 400 மீட்டர் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூரத்து சர்வரில் ஆடினால் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: என் மகன் ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘கீழே போ, கீழே போ’ என்று கத்துகிறான். நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழ் வீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறான் என்று சண்டைக்கு வந்துவிட்டார்.*
*— ஒரு அம்மா, சேலம்*

பதில்: பையனுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது அம்மா, சரியாகத்தான் சொல்கிறான். கத்துவதைப் பத்து மணியோடு நிறுத்தச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துப் பாருங்கள்.

*கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களோடு ஒருமுறை நேருக்கு நேர் மோத முடியுமா?*
*— ‘பயமறியாதவன்’, வேலூர்*

பதில்: சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தியபிறகு, ஒன்பதரைக்கு மேல் இருப்பேன். பி-47, வாலில் மஞ்சள் பட்டை. நேராகவே வாருங்கள். நான் காணாமல் போனதும் உங்கள் மூக்குக்கு அடியில் தேடுங்கள்.