சட்டைப்பையில் ஒரு சாவி

கேள்வி: ரகசியத்தை மறைத்து வைத்திருக்கும் ஒருவனின் மனப்பாரத்தை உணர்த்த, ஒரே பொருளைக் கதையில் எத்தனை முறை காட்டலாம்?

பதில்: மனப்பாரம் என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் கதை எழுதுகிறவர் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு வரும் கதைகளில் பாதியில், நாயகனின் சட்டைப்பையில் ஒரு சாவி இருக்கும். முதல் பக்கத்தில் கனக்கும். மூன்றாம் பக்கத்தில் இரும்பாய்க் கனக்கும் (சாவி வேறு எதனால் ஆனதாம்?). ஏழாம் பக்கத்தில் மலையாய்க் கனக்கும். அத்தனைக்கும் பை கிழியாது. பரிசு என்று ஒன்று இருந்தால் அந்தத் தையல்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஏழு பக்கமும் ஒரே சட்டை, துவைக்கவே மாட்டானோ?

சரி, துவைக்கட்டும். சட்டையை ஊறவைக்குமுன் மனைவி வழக்கம்போல் பையைத் துழாவுகிறாள். சாவியை எடுத்துச் சில்லறையோடு சேர்த்து மேசைமேல் வைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வருகிறவன் சாவியைப் பார்க்கிறான். உடனே அவள் முகத்தைப் பார்க்கிறான். இதற்குமேல் கனம் என்ற சொல் எதற்கு?

இளங்கோ எண்ணிக்கொண்டா எழுதினார்? கோவலன் பிரிந்திருக்கும்போது, சிலம்பில்லாத கண்ணகியின் பாதங்களைக் காட்டுகிறார். அவன் திரும்பி வந்ததும், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள், அதுவும் முறுவலோடு. அப்புறம் அதை விற்கப் போனால், எதிரே நிற்பவன் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். ரகசியம் அவனுடையது, போன உயிர் கோவலனுடையது. கடைசியில் அவையில் உடைகிறது. தெறித்தது முத்தல்ல, மாணிக்கம். வரும்போதெல்லாம் அதற்கு ஒரு புது வேலை. வேலை இருந்தால் நாற்பது முறைகூட வரலாம். உங்கள் சாவிக்குக் கனப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?

இதற்குப் பெயர் குறியீடு என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம். அந்தச் சொல்லை இந்தப் பக்கத்தில் விடமாட்டேன் என்றதற்காக விமர்சக நண்பர் ஒருவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிம்மதியாக இருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். இந்தச் சாவியெல்லாம் ஏன் ஆண்களிடமே இருக்கிறது? பெண்களுக்கு ரகசியம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? உடையில் பை இல்லை, அவ்வளவுதான். அந்தத் தையல்காரருக்கு அறிவித்த பரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.