காரில் கொல்கத்தா: ஓட்டுகிற நாள் வேறு, பார்க்கிற நாள் வேறு

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். நானும் மனைவியும் காரில் கொல்கத்தா வரை போய்வர ஆசைப்படுகிறோம். விஜயவாடா, புவனேஸ்வர், கொல்கத்தா மூன்று ஊரிலும் கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். பழைய கட்டடங்கள் என்றால் எனக்கு உயிர். பத்து நாள் லீவு போதுமா?

பதில்: போதாது, பன்னிரண்டு நாள் வேண்டும். மூலக்கடையில் ஜிஎன்டி ரோட்டைப் பிடித்தால் செங்குன்றம் தாண்டி என்எச் 16 உங்களைக் கொல்கத்தா பக்கம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். ஊரைக் குறுக்கே கடக்கிற தொல்லை வட சென்னைக்காரர்களுக்கு இல்லை. தூரம் சுமார் 1,700 கிலோமீட்டர். விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று தங்கிப் போனால் போக நான்கு நாள், வர நான்கு நாள். மிச்சம் நான்கில் கொல்கத்தாவுக்கு இரண்டு, புவனேஸ்வருக்கு ஒன்று, திரும்பும்போது விஜயவாடாவுக்கு ஒன்று. லீவு நீளாது என்றால் புவனேஸ்வரோடு திரும்பிவிடுங்கள். கொல்கத்தாவை அவசரமாகப் பார்ப்பதைவிட அது மேல்.

வண்டி ஓட்டுகிற நாளில் கட்டடம் பார்க்கத் திட்டமே போடாதீர்கள். எட்டு மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்த கண்ணில் எதுவும் ஏறாது. நண்பருக்கும் அது நியாயமில்லை. ராத்திரி வந்து சாப்பிட்டுப் படுத்து, விடியும் முன் கிளம்பிவிட்டால் அவர்கள் மனசு கேட்காது. இருட்டிய பிறகு ஓட்டவும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம ஊரிலேயே நடந்துவிடுங்கள். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், அப்புறம் ராஜாஜி சாலையில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1884-இல் முடிந்த சிவப்புச் செங்கல் தலைமைத் தபால் நிலையம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு போங்கள். கொல்கத்தா தலைமைத் தபால் நிலையம் 1868-இல் கிரான்வில் கட்டியது. வெள்ளை நிறம், பெரிய குவிமாடம், கொரிந்தியத் தூண்கள், முழுக்க ஐரோப்பியத் தோரணை. வேலை ஒன்றுதான், அரசும் ஒன்றுதான், இடைவெளி பதினாறே வருடம். அதற்குள் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி இங்கே வேர்விட்டுவிட்டது. அதை வளர்த்தவர்களில் சிஷோம் முக்கியமானவர். கொல்கத்தா தபால் நிலையப் படிக்கட்டில் பதித்திருக்கும் பித்தளைக் கோட்டைத் தவறவிடாதீர்கள். ஆங்கிலேயர் அங்கே முதலில் கட்டிய பழைய வில்லியம் கோட்டையின் எல்லை அது.

அந்தக் கட்டடம் இருக்கும் பிபிடி பாக், பழையவர்கள் சொல்லும் டல்ஹவுசி சதுக்கம், அலுவலகப் பகுதி. ஞாயிறு காலை போனால் கூட்டமில்லாமல் நிதானமாக நின்று பார்க்கலாம். விக்டோரியா மெமோரியல் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாளை முழுக்க வட கொல்கத்தாவுக்கே கொடுங்கள். ஷோபாபஜார், பாக்பஜார் தெருக்களில் வீட்டு முகப்பை ஒட்டி ரோவாக் என்ற மேடை இருக்கும். நம்ம பழைய வீட்டுத் திண்ணை மாதிரி, சாயங்காலம் ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். ஜன்னல்களில் சாய்வான மரப்பட்டைகள் அடுக்கிய பச்சைக் கதவுகள்; வெயில் தடுத்துக் காற்று விடும் ஏற்பாடு. பெரிய வீடுகளில் உள்முற்றத்தை ஒட்டித் தூண்களோடு ஒரு பூஜை மண்டபம். இதெல்லாம் தனியாருடைய வீடுகள், ஆகவே நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வங்காளியில் அவர் நாலு வார்த்தை பேசிக் கேட்டால் உள்ளே கூப்பிடவும் வாய்ப்புண்டு.

கொல்கத்தாவில் காரை வெளியே எடுக்காதீர்கள். சில சாலைகளில் ஒருவழிப் போக்குவரத்தின் திசையே நேரத்துக்கு நேரம் மாறும். ஷோபாபஜாருக்கும் பிபிடி பாக்குக்கும் மெட்ரோ இருக்கிறது. நண்பர் அடுக்ககத்தில் வெளி வண்டிக்கு இடம் உண்டா என்று இப்போதே போன் போட்டுக் கேளுங்கள்.

புவனேஸ்வரில் பழைய ஊரின் முக்தேஸ்வரர் கோயில் தோரணவாயில் ஒன்றுக்கே காலைப் பொழுது சரியாகப் போகும். பிற்பகலில், 1948-இல் ஜெர்மன் கட்டடக் கலைஞர் கோனிக்ஸ்பெர்கர் திட்டமிட்ட புது நகரத்தை நண்பரோடு சுற்றுங்கள். விஜயவாடாவில் உண்டவல்லி குடைவரை போதும்.

எப்போது போகலாம்? அக்டோபர், நவம்பர் அந்தக் கடற்கரைக்குப் புயல் காலம். சங்கராந்திக்கு ஆந்திரா முழுக்க ஊருக்குக் கிளம்பும். ஜனவரியில் ஒடிசா, வங்காளப் பக்கம் காலையில் பனிமூட்டம் இருக்கும். அதனால் பிப்ரவரி நடுவில் லீவு எழுதிக் கொடுங்கள். ஃபாஸ்டேக்கில் போதிய பணம், இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.