நாய்க்குச் சொறி, வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு: பழி நாய் மேலா?

வாசகர் கேள்வி: எங்கள் நாய்க்குக் காது ஓரமும் முழங்காலும் முடி கொட்டிச் சொறியாக இருக்கிறது. எனக்கு ஒரு மாதமாக விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக வந்து இரவில் தூங்க விடாமல் அரிக்கிறது, இப்போது கணவருக்கும் ஆரம்பித்துவிட்டது. பெர்மெத்ரின் களிம்பு ஒரு தடவை பூசி 10 நாள் ஆகியும் நிற்கவில்லை. நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா? வீடு முழுக்க மருந்து அடிக்க ஒருவர் உத்தரவாதம் தருகிறார்.

பதில்: நாயைக் கொடுக்க வேண்டாம். மருந்து அடிப்பவரையும் வரச் சொல்ல வேண்டாம்.

நாயின் சொறிக்குக் காரணமான பூச்சியும் மனிதச் சிரங்குக்குக் காரணமான பூச்சியும் ஒரே இனம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு வகை. நாயுடையது உங்கள் தோலில் ஏறினால் ஓரிரு நாளிலேயே அரிக்கும், பெரும்பாலும் நாய் உரசும் முன்கை, வயிறு, தொடைப் பக்கம். ஆனால் மனிதத் தோலில் அதனால் தலைமுறை பெருக்க முடியாது, நாய்க்கு வைத்தியம் பார்த்தால் உங்கள் அரிப்பும் தானாகப் போய்விடும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இரவு அரிப்பு, பிறகு கணவர் என்றால், அது மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் சிரங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது, தோல் மருத்துவர் ஒரு முறை பார்த்து உறுதி செய்யட்டும். முதல் முறை வருபவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிவதில் பெரிய பயன் இல்லை.

அடுத்து, களிம்பு ஏன் கேட்கவில்லை? அநேகமாக அரிக்கிற இடத்தில் மட்டும் பூசியிருப்பீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். 5 சதவீத பெர்மெத்ரினைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு, தொப்புள், அந்தரங்க இடம் எதையும் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதுவும் வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பே இல்லாதவரும், ஒரே இரவில். மருத்துவரோ வந்த ஒருவர் பெயருக்கு ஒரு ட்யூப் எழுதி அனுப்பிவிடுகிறார், மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கால்நடை மருத்துவர் நாயை மட்டும் பார்ப்பார். குடும்பம் முழுவதையும் சேர்த்துப் பார்க்க ஒருவர்கூடக் கிடையாது, பிறகு "மருந்து வேலை செய்யவில்லை" என்ற புகார் மட்டும் வரும்.

சரியாகப் பூசினாலும் அரிப்பு 2 முதல் 4 வாரம் இருக்கும், பூச்சி செத்தாலும் அதன் கழிவும் முட்டை ஓடும் தோலுக்குள்ளேயே கிடப்பதால். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் புகுந்துவிடுகிறார்கள். கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும், 2 நாளில் சுகமாக இருக்கும், பூச்சி உள்ளே நிம்மதியாகப் பெருகும், தோலின் தோற்றமும் மாறிப்போய் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. தயவுசெய்து வாங்காதீர்கள். இன்னொரு கூட்டம் மாட்டுக்கான ஐவர்மெக்டினை மனிதருக்கும் நாய்க்கும் சிபாரிசு செய்கிறது. மனிதருக்கு அந்த மருந்து மாத்திரையாக, எடை பார்த்துத் தரப்படுகிறது, மாட்டு அளவு அதற்கு எந்த வகையிலும் பொருந்தாது. கோலி போன்ற சில நாய் இனங்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

மருந்து அடிப்பவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூச்சி மனித உடம்பை விட்டால் 2, 3 நாளுக்கு மேல் தாங்காது. மருந்து பூசும் நாளில் உடை, போர்வை, துண்டுகளைச் சுடுநீரில் துவைத்தால் போதும், துவைக்க முடியாததை ஒரு பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். சுவருக்கு மருந்து அடிப்பது அவருக்கு வருமானம், உங்களுக்கு மூச்சுத் திணறல். அப்புறம் உத்தரவாதம்! சிரங்கு இருப்பது உங்கள் தோலில், அவர் எதற்கு உத்தரவாதம் தருகிறார்?

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டில் மிகவும் வயதானவரோ, படுக்கையில் இருப்பவரோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்து, அவருக்குக் கையிலோ காலிலோ தடித்த செதில் படிந்திருந்தால், அரிப்பே இல்லை என்றாலும் விடாதீர்கள். சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கச் சேர்த்தாலே 10, 15 பூச்சிதான் இருக்கும், இந்தச் செதில் சிரங்கிலோ ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில் இருக்கும். உதிரும் செதிலோடு பூச்சி நாற்காலி, தலையணை என்று எங்கும் விழும். அங்கே மட்டும் வீட்டுச் சுத்தம் உண்மையாகவே முக்கியம், அதற்கும் துடைத்துத் துவைப்பதுதான் வழி. களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் சேர்த்துப் பல தவணை ஆகும். இதைச் சோரியாசிஸ், வயதான தோல் என்று சொல்லி மாதக்கணக்கில் கடத்துகிறார்கள், அவரைக் கவனிக்கும் எல்லோருக்கும் தொற்றிய பிறகுதான் சந்தேகமே வருகிறது.

நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோலைச் சுரண்டிப் பார்த்துப் பூச்சி இல்லை என்றாலும் பல நேரம் இருக்கும், அதனால் சந்தேகத்தின் பேரிலேயே மருந்து கொடுப்பது வழக்கம். வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள், பூனை செத்தே போகலாம். 4 வாரம் கழித்தும் அரித்தாலோ புதிதாகப் பொரிகள் வந்தாலோ, இதற்குமுன் என்னென்ன பூசினீர்கள் என்ற பட்டியலோடு தோல் மருத்துவரிடம் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.